நுகத்தடியும் நான்கு சக்கரங்களும்

சேற்றில் அகப்பட்ட லாரியின் பின்சக்கரங்களுள் ஒன்று சேற்றை வாரி இறைத்தபடி வெறுமனே சுழல, அதே அச்சின் மறுமுனையில் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் அசையாமல் கிடப்பதைக் காணாதவர் குறைவு. எஞ்சினில் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை, ஒரு சக்கரத்துக்குத் தரையில் பிடிமானமும் இருக்கிறது. இருந்தும், பிடிமானம் உள்ள சக்கரத்துக்குப் போக வேண்டிய சுழற்சி பிடிமானம் இல்லாத சக்கரத்துக்குப் போய் வீணாகிறது. இதைவிட வியப்பூட்டும் நிலை ஒன்றும் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும்படி அமைந்த ஜீப், பாறைகள் நிறைந்த பாதையில் முன்பக்கத்து இடச்சக்கரமும் பின்பக்கத்து வலச்சக்கரமும் தரையை விட்டு எழும்பிய கணத்தில், மற்ற இரு சக்கரங்களும் பாறையில் உறுதியாக ஊன்றியிருந்தும், ஓர் அங்குலம்கூட நகராமல் நின்றுவிடுகிறது.

சாலையில்லாத நிலங்களில் வண்டி ஓட்டுவதையும், அதற்காக வண்டிகளைப் பழுதுபார்த்து மாற்றியமைப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு இவ்விரு புதிர்களும் அன்றாடச் செய்திகள். இரண்டாம் உலகப்போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் பெருமளவில் தயாரான வில்லிஸ் ஜீப்புகள், போர் முடிந்தபின் பொதுமக்கள் கைக்கு வந்ததிலிருந்து இப்பொழுதுபோக்கு அங்கு வேரூன்றியது. கலிபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் என்னும் சிற்றூரிலிருந்து சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து டாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் ரூபிகான் பாதையில் 1953இல் ஜீப்புகள் கூட்டமாகச் சென்ற பயணம் ஒரு மரபாகவே நிலைத்தது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் பெரும்பகுதி உருண்டும் பிளந்தும் கிடக்கும் கருங்கற்களால் ஆனது. 1979 முதல் 1985 வரை அந்நாட்டில் விற்பனையான நான்கு சக்கர இயக்க டொயோட்டா பிக்கப் வண்டிகள், பின்புறத்தைப் போலவே முன்புறத்திலும் ஒரே துண்டாக நீளும் உறுதியான அச்சைக் கொண்டிருந்தமையால், இத்தகைய பாதைகளை நாடுவோரின் கொட்டகைகளில் நெடுங்காலம் விருப்பமான வண்டிகளாக இருந்துவருகின்றன. வாரக்கடைசியில் நாலைந்து பேர் கூடி அத்தகைய வண்டி ஒன்றைப் பிரித்துச் சேர்க்கும்போது செயல்படும் இயற்பியலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். வண்டியில் செய்யப்படும் எந்த மாற்றமும் ஒரு பலவீனத்தை அடியோடு போக்குவதில்லை, அதை வேறோர் உறுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே அந்த விளக்கத்தின் ஊடுசரடு.

நுகத்தடி கற்பிக்கும் பாடம்

மாட்டுவண்டியின் இரு சக்கரங்களும் அச்சின் மீது தனித்தனியே சுழல்வதால், வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் உருள்வதில் எவ்விதச் சிக்கலும் எழுவதில்லை. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் உள்ள வண்டி ஒன்று செங்கோணமாகத் திரும்பினால், வளைவு பெரிதாயினும் சிறிதாயினும், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.2 மீட்டர் கூடுதலாக உருண்டாக வேண்டும். எஞ்சின் அச்சையே சுழற்றத் தொடங்கியபோதுதான் இது சிக்கலாயிற்று. ஏனெனில், இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்துச் சுழற்றினால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபட வேண்டியிருக்கும். 1820களின் பிற்பகுதியில் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் என்னும் பொறிவினைஞர் நீராவி வண்டி ஒன்றுக்காகக் காப்புரிமை பெற்ற பற்சக்கரத் தொகுதி இதற்குத் தீர்வாக அமைந்தது. அச்சின் நடுவே பானைபோல் புடைத்திருக்கும் கூட்டுக்குள் இருக்கும் இத்தொகுதியைப் பட்டறைகளில் டிஃபரன்ஷியல் என்பர். இரு சக்கரங்களின் வேகம் வேறுபட இடங்கொடுப்பதால் இதனைத் தமிழில் வேறுபாட்டுப் பல்லிணைப்பு எனலாம்.

இதன் செயலைப் புரிந்துகொள்ள ஏரில் பூட்டிய நுகத்தடியை நினைத்துப் பார்த்தால் போதும். நுகத்தடி அதன் நடுவில் ஏர்க்காலுடன் கயிற்றால் பிணைக்கப்பட்டு, இரு முனைகளிலும் மாடுகளின் கழுத்தில் அமர்ந்திருக்கிறது. ஒரு மாடு சற்று முந்தினாலும் மற்றொன்று பிந்தினாலும் நுகத்தடி சாய்ந்து கொடுக்கும். மாடுகளின் நடைவேகம் வேறுபட அது இடங்கொடுக்கிறது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. நுகத்தடி நிலையாக நிற்க வேண்டுமானால் இரு முனைகளிலும் இழுப்பு சமமாக இருந்தாக வேண்டும். ஒரு மாடு இழுக்காமல் தளர்ந்துவிட்டால், அடுத்த மாடு எவ்வளவு வலிமையானதாயினும் அதன் இழுப்பு நுகத்தடியைச் சுழற்றுவதிலேயே கழிந்துவிடும், ஏர் நகராது. நல்ல மாட்டின் இழுப்பு, தளர்ந்த மாட்டின் இழுப்பு எவ்வளவோ அவ்வளவுக்குள் அடங்கிவிடுகிறது.

டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரம் ஒவ்வொன்றும் இத்தகைய ஒரு நுகத்தடியே. அதன் நடுவில் எஞ்சினின் உந்தல் வருகிறது. இருபுறப் பற்களும் இரு சக்கரங்களின் தண்டுகளைத் தள்ளுகின்றன. ஒரு தண்டைச் சுழற்ற முயலும் விசைக்கு முறுக்குவிசை என்று பெயர். பொது வழக்கில் சொல்வதுபோலச் சேற்றிலுள்ள சக்கரம் எஞ்சினின் விசை முழுவதையும் விழுங்கிவிடுவதில்லை. உண்மையில் அதற்குச் செல்லும் முறுக்குவிசை மிகச் சிறிது, ஏனெனில் வழுக்கும் சேற்றில் சக்கரத்தைச் சுழற்றப் பெரிய விசை தேவையில்லை. அந்தச் சிறிய அளவே மறுபக்கத்துக்கும் கிடைக்கிறது என்பதே இடர்ப்பாடு. கெட்டித் தரையிலுள்ள சக்கரம் சேற்றுச் சக்கரத்தின் வறுமைக்கு ஏற்ப விசை பெற்று அசையாமல் நிற்கிறது. நான்கு சக்கர இயக்கத்தின் புதிரும் இதே வழியில் அவிழ்கிறது. எஞ்சினின் சுழற்சியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பகிர்வுப் பெட்டி, இவ்வகை வண்டிகளில் இரு அச்சுகளையும் ஒரே வேகத்தில் பிணைத்துவிடுகிறது. ஆயினும் ஒவ்வோர் அச்சுக்குள்ளும் ஒரு நுகத்தடி மிஞ்சியிருக்கிறது. குறுக்கு மூலைகளில் இரு சக்கரங்கள் அந்தரத்தில் எழும்பும்போது, ஒவ்வொரு நுகத்தடியிலும் ஒரு மாடு தளர்ந்துவிடுவதால், நான்கு சக்கர வண்டி நான்கிலும் வலுவிழக்கிறது.

நுகத்தடியை ஏர்க்காலோடு அசையாதபடி இறுக்கிக் கட்டிவிட்டால் ஒற்றை மாடும் ஏரை இழுக்கும் அல்லவா? ஆர்வலர்கள் லாக்கர் என்று வழங்கும் அச்சுப் பூட்டு செய்வது இதைத்தான். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் பரப்பிய வகையில், ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தியதும் சிறு கம்ப்ரஸர் அனுப்பும் காற்று, உள்ளிருக்கும் வளையம் ஒன்றை நகர்த்தி இரு பக்கங்களையும் பிணைக்கிறது. பொத்தானை விடுவித்தால் பிணைப்பும் விடுபடுகிறது. கையில் பணம் இல்லாதவர்கள் உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடும் வழக்கமும் உண்டு. பின்னதன் விலையைத் தார்ச்சாலையில் காணலாம்: ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கீச்சிட்டுத் தேய்கிறது, அச்சுத் தண்டு வீணாக முறுக்கேறுகிறது. எவ்வகைப் பூட்டாயினும் இன்னொரு விலையும் உண்டு. முன்பு ஓர் அச்சுக்கு வந்த முறுக்குவிசையில் பாதியை மட்டுமே ஏற்றுவந்த தண்டு, மறுசக்கரம் அந்தரத்தில் இருக்கையில் இப்போது முழுவதையும் தனியே சுமக்க வேண்டும். சிக்கிக்கொள்ளுதல் என்னும் குறை நீங்கியது. தண்டு முறிதல் என்னும் குறை அதனிடத்தில் வந்து அமர்ந்தது.

காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடுவது ஏன்?

பிடிமானத்தை அச்சில் தேடுவதற்கு முன்பே டயரில் தேடியவர் ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் இராணுவ அலுவலரான இவரும், இவரைப் போலவே எகிப்தில் பணியிலிருந்த நண்பர்கள் சிலரும், 1920களின் பிற்பகுதியில் விடுப்புக் காலங்களில் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களைத் தாங்களே மாற்றியமைத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துள் சென்றனர். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் வழியாகப் பக்கத்துத் தகரத்துக்குள் செலுத்திக் குளிரவைத்து, வண்டி ஆறியதும் அந்நீர் தானாகவே திரும்பி உறிஞ்சப்படும்படி அவர்கள் செய்த ஏற்பாடு, குடிநீரே அரிதான நிலத்தில் எஞ்சினுக்கான நீரை மிச்சப்படுத்தியது. மணலில் புதைந்த சக்கரத்தின் கீழ் உருக்குத் தகட்டைச் செருகி மீட்பதும், மணல் கண்டதும் டயரின் காற்றைக் குறைப்பதும் அவர்களது பயணங்களில் தேறிய உத்திகள். சாலையில்லாப் பயணத்துக்குப் புறப்படுவோர் இவ்விரண்டையும் இன்றும் கைவிடவில்லை.

காற்றைக் குறைப்பதன் பயனை எளிய கணக்கு ஒன்று காட்டும். வண்டியின் ஒரு சக்கரத்தின் மீது 400 கிலோ, அதாவது ஏறத்தாழ 880 பவுண்டு எடை அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். டயரின் உள்ளே சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருந்தால், அவ்வெடையைத் தாங்க 27 சதுர அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு தரையைத் தொட்டால் போதும். அது ஒருவரின் விரித்த கையளவே. அழுத்தத்தை 12 பவுண்டுக்கு இறக்கினால், அதே எடையைத் தாங்க 73 சதுர அங்குலம் தேவைப்படுவதால், டயர் தானாகவே தட்டையாகித் தரையில் படிகிறது. டயரின் ரப்பர்ச் சுவரும் எடையில் ஒரு பகுதியைத் தாங்குவதால் உண்மை அளவு சற்று மாறுபடும் என்றாலும், போக்கு இதுவே. தடம் அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் மிகுதியாகக் கூடுகிறது. சேற்றில் ஆட்டின் குளம்பு குத்திட்டு இறங்க, ஒட்டகத்தின் பாதம் மணலில் விரிந்து மிதப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பாறையில் இதன் பயன் வேறுவகையானது. அங்கே தளர்ந்த ரப்பர் கல்லின் மேடுபள்ளங்களைக் கவ்விக்கொண்டு பிடிப்பை மிகுவிக்கிறது.

இவ்வனுபவ அறிவை அளந்தறியும் அறிவியலாக்கியவர் போலந்தில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய மியெச்சிஸ்வாவ் பெக்கர். வண்டிக்கும் மண்ணுக்கும் இடையிலான உறவை ஆராயும் துறையை நிலவியக்கவியல் எனலாம்; அத்துறைக்கு அடித்தளமிட்ட அவரது நூல் 1956இல் வெளிவந்தது. மண்ணை அறிய அவர் கைக்கொண்ட முறை எளியது: வெவ்வேறு அகலமுள்ள தகடுகளை மண்ணில் அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்று குறிப்பது, பிறகு வளையம் ஒன்றை மண்ணின் மீது அழுத்தித் திருகி, மண் எந்த விசையில் வெட்டுண்டு வழுக்குகிறது என்று குறிப்பது. முதலாவது அளவு வண்டி புதையுமா என்பதையும், இரண்டாவது அளவு வண்டி முன்னேற மண் ஊன்றுகோலாக நிற்குமா என்பதையும் சொல்லிவிடும். 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியின் காற்றில்லாக் கம்பிவலைச் சக்கரங்கள் உருவானதில் பெக்கரின் பங்கு பெரிது.

காற்றைக் குறைப்பதற்கும் விலை உண்டு. தளர்ந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் வளைந்த இடம் சுடுவதுபோல், மடங்கும் ரப்பரும் சூடேறுகிறது. பாறையில் நடைவேகத்தில் இதனால் தீங்கில்லை. அதே அழுத்தத்தோடு நெடுஞ்சாலையில் விரைந்தால் டயரின் சுவர் சிதைந்துவிடும். திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்வதும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட டக் என்னும் நீர்நில வண்டியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டது இந்த இருபுறத் தேவையால்தான். அவ்வசதி இல்லாத ஆர்வலர் பாதையின் தொடக்கத்தில் காற்றை இறக்கி, முடிவில் சிறு கம்ப்ரஸரால் நிரப்பிக்கொள்கிறார். செலவே இல்லாத மாற்றம் இது ஒன்றுதான்.

பெரிய டயரின் மறைவான கணக்கு

உயரமான கற்களைக் கடக்க உயரமான சக்கரம் உதவும். அச்சின் நடுவே தொங்கும் கூடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை டயரின் அளவே தீர்மானிப்பதால், 28 அங்குல விட்டமுள்ள டயர்களைக் கழற்றி 35 அங்குல டயர்களைப் பூட்டினால், அக்கூடு மூன்றரை அங்குலம் உயர்கிறது. ஆனால் சக்கரத்தின் ஒரு சுற்றில் வண்டி செல்லும் தொலைவும் கால்பங்கு கூடிவிடுகிறது. சுற்றுகளை எண்ணியே வேகத்தைக் காட்டும் கருவி 40 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 50இல் சென்றுகொண்டிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு விசையில் நேர்கிறது: நீண்ட கைப்பிடியின் நுனியில் எடையைத் தூக்குவது கடினமாவதுபோல், பெரிய சக்கரத்தின் விளிம்பில் கிடைக்கும் தள்ளுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

இழந்ததை மீட்கும் இடம் பல்விகிதம். அச்சுக்கூட்டின் உள்ளே சிறு பற்சக்கரம் எத்தனை முறை சுழன்றால் பெரிய பற்சக்கரம் ஒரு முறை சுழலும் என்னும் கணக்கே இது. மேற்குறித்த டொயோட்டா வண்டிகளில் வழக்கமாகக் காணப்படும் விகிதம் 4.10. டயர் கால்பங்கு பெருத்துவிட்டதால், பழைய தள்ளுவிசையைப் பெற இதையும் கால்பங்கு உயர்த்தி 5.1 ஆக்க வேண்டும். சந்தையில் கிடைப்பனவற்றுள் இதற்கு நெருங்கிய 5.29ஐப் பலரும் பொருத்துகின்றனர். அதே கூட்டுக்குள் விகிதத்தை உயர்த்த வேண்டுமானால் சிறு பற்சக்கரத்தில் பற்கள் குறைந்தாக வேண்டும். குறைந்த பற்கள் மீது கூடிய சுமை இறங்குவது இம்மாற்றத்தின் விலை.

பாறைப் பாதையில் வேண்டப்படுவது வேகமன்று, நிதானம். முதல் கியரின் விகிதம் 3.95, பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை விகிதம் 2.28, அச்சின் விகிதம் 4.10 ஆகியவற்றைப் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 37 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும் என்பது இதன் பொருள். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுகளில் சும்மா ஓடும்போதே வண்டி மணிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டாவது பகிர்வுப் பெட்டியை முதற்பெட்டியுடன் தொடராக இணைத்து, அச்சு விகிதத்தையும் 5.29 ஆக்கும்போது பெருக்கற்பலன் 108ஐத் தாண்டுகிறது. பெரிய டயர்களுடனும் வேகம் மணிக்கு 1.2 கிலோமீட்டராக, அதாவது நொடிக்கு ஒரு முழத்துக்கும் குறைவாகத் தணிகிறது. ஒவ்வொரு சக்கரத்தையும் எந்தக் கல்லில் ஏற்றுவது என்று முடிவுசெய்ய ஓட்டுநருக்கும், முன்னே நின்று கைகாட்டும் நண்பருக்கும் நேரம் கிடைப்பது இதனால்தான். வேகம் குறைந்த அதே அளவுக்கு முறுக்குவிசை பெருகியிருக்கிறது என்பதை மறந்தால், அடுத்த ஒலி முன்சக்கரத்தின் பின்னாலிருந்து கேட்கும். திரும்பவும் சுழலவும் ஒருசேர வேண்டிய முன்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசேர்க்கும் பிர்ஃபீல்டு என்னும் குண்டுமூட்டு, ஸ்டீயரிங் முழுவதும் ஒடித்துத் திருப்பப்பட்ட நிலையில் மிகப் பலவீனமாக இருக்கும். அந்நிலையில் முடுக்கியை அழுத்துவோரின் மூட்டு வெடித்துச் சிதறுவது இவ்வண்டிக்காரர்கள் அனைவரும் அறிந்த செய்தி.

உயர்த்தப்பட்ட வண்டியும் சாய்ந்த வளையலும்

பெரிய டயர் உடலில் உரசாமலிருக்க, ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியின் உடலை உயர்த்துகின்றனர். இதன் முதல் விளைவு எளிதில் புலப்படுவது. வண்டியின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியாகிய ஈர்ப்பு மையம் மேலேறுகிறது. இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 1.4 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 சென்டிமீட்டர் எனில், பக்கவாட்டில் 45 பாகை சரிவு வரை வண்டி கவிழாமல் நிற்க இயலும். மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் அவ்வெல்லை 41 பாகையாகச் சுருங்குகிறது. ஸ்பிரிங்கும் டயரும் நசுங்குவதால் உண்மை எல்லை இவ்விரண்டையும்விடக் குறைவே. கண்ணுக்குத் தெரியாத இம்மையத்தின் உயரத்தை அறியும் வழியும் உண்டு. எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடைபார்த்து, பிறகு பின்பக்கத்தை ஜாக்கியால் தெரிந்த அளவு உயர்த்தி மறுபடியும் எடைபார்த்தால், முன்பக்கத்துக்கு இடம்பெயர்ந்த எடையின் அளவிலிருந்து மையத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். உயரமான பொருளைச் சாய்த்துத் தூக்கும்போது கீழே பிடித்திருப்பவர் கையில் சுமை கூடுவதை உணர்ந்தவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும்.

இரண்டாவது விளைவு நுட்பமானது. பகிர்வுப் பெட்டியிலிருந்து அச்சுக்குச் செல்லும் நீண்ட குழல்தண்டின் இரு முனைகளிலும், சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தவல்ல யூனிவர்சல் ஜாயின்ட் என்னும் குறுக்கு மூட்டு இருக்கிறது. நடுவிலுள்ள சிலுவை வடிவ உறுப்பால் பட்டறைகளில் இதனைக் கிராஸ் என்றே சுருக்கிச் சொல்வர். இம்மூட்டு சாய்வாக இயங்கும்போது, ஒருபுறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் சீராகச் சுழல்வதில்லை. வளையல் ஒன்றில் சம இடைவெளியில் புள்ளிகள் இட்டு, அதைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து நோக்கினால், வட்டம் நீள்வட்டமாகவும், புள்ளிகள் சிலவிடங்களில் நெருங்கியும் சிலவிடங்களில் விலகியும் தோன்றும் அல்லவா? மூட்டின் மறுபுறத் தண்டு அந்தப் புள்ளிகளைப் போலவே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்குகிறது. சாய்வு 20 பாகை எனில், நிமிடத்துக்கு 1000 சுற்று என்னும் சீரான வேகம் மறுபுறத்தில் 940க்கும் 1064க்கும் இடையே ஊசலாடும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹுக் இம்மூட்டை ஆராய்ந்தபோதே இந்தச் சீரின்மை அறியப்பட்டிருந்தது.

தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் இக்குறை தெரிவதில்லை. குழல்தண்டின் இரு முனை மூட்டுகளும் சம அளவு சாய்ந்து, ஒரே வரிசையில் பொருத்தப்பட்டிருப்பதால், முதல் மூட்டு விளைவிக்கும் தயக்கத்தை இரண்டாம் மூட்டு ஈடுசெய்துவிடுகிறது. வண்டியை உயர்த்தும்போது அச்சுக்கூடு சற்றே திருகிக்கொள்ள நேர்ந்தால் இச்சமநிலை குலைகிறது. குறிப்பிட்ட வேகத்தில் தரைத்தகடு வழியாக அதிர்வு ஒன்று உறுமத் தொடங்குகிறது. அனுபவமற்றவர் டயரைக் குறைகூறிப் பணத்தைச் செலவிடுவார். விவரம் அறிந்த நண்பரோ வண்டிக்கடியில் படுத்து, சாய்வுமானியைப் பகிர்வுப் பெட்டியின் முகத்திலும், குழல்தண்டிலும், அச்சுக்கூட்டின் முகத்திலும் வரிசையாக ஒட்டவைத்து மூன்று எண்களைச் சுண்ணக்கட்டியால் தரையில் எழுதுவார். முதலிரண்டு எண்களின் வேறுபாடும் கடைசி இரண்டின் வேறுபாடும் சமமாக இல்லையெனில், ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவ இரும்புத் தகடு ஒன்றைச் செருகி யூ போல்ட்டை இறுக்கினால் உறுமல் அடங்கிவிடும்.

எண்ணெய் சொல்லும் சாட்சி

மாற்றங்களைவிடப் பராமரிப்பில்தான் வண்டியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. அங்கும் அடிப்படை அறிவியலே துணை நிற்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய அச்சுக்கூடு திடீரெனக் குளிர்ந்த ஓடையில் இறங்குவதாகக் கொள்வோம். உள்ளிருக்கும் காற்று 80 பாகை வெப்பத்திலிருந்து 15 பாகைக்குத் தணியும்போது அதன் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீழ்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதேனும் நுழைந்தாக வேண்டும். கூட்டின் மேலிருக்கும் சிறு சுவாசத் திறப்பு நீருக்குள் மூழ்கியிருந்தால் நீரும், அது சேற்றால் அடைபட்டிருந்தால் தண்டுகளின் ரப்பர் சீல்களின் இடுக்கு வழியாக அதே நீரும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஒரு சில அடி நீளமுள்ள ரப்பர்க் குழாயை அத்திறப்பில் பொருத்தி, எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுசெல்வது இதற்கான தீர்வு. மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய சேதத்தைத் தவிர்க்கும் வேலை இதுவே.

ஓடையைக் கடந்து வந்தபின் கூட்டின் அடித்திருகைக் கழற்றி, வழியும் கியர் ஆயிலை நோக்குவது நல்ல பழக்கம். தேன் நிறத்தில் தெளிவாக வந்தால் நலம். பால் கலந்த காப்பி போல் கலங்கி வந்தால் நீர் புகுந்துவிட்டது என்பது உறுதி. திருகின் நுனியிலுள்ள காந்தத்தில் மை போன்ற நுண்ணிய சாம்பல்நிறக் குழைவு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துகளோ, ஒரு முனை பளபளக்கும் சில்லோ அகப்பட்டால் ஏதோவொரு பல் உடையத் தொடங்கியுள்ளது. முன்சக்கர மூட்டைச் சூழ்ந்த கிரீஸ் கெட்டியாக இல்லாமல் கூழாகி ஒழுகினால், அச்சின் உள்சீல் தேய்ந்து கியர் ஆயில் அங்கே கலந்துள்ளது என்று பொருள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மீதும் அருகிலுள்ள இரும்பு வரை நீளும்படி வெள்ளைக்கோடு ஒன்றை இழுத்துவைப்போர் உண்டு. அடுத்த பயணத்துக்குப்பின் கோடு முறிந்து காணப்பட்டால் போல்ட் தளர்ந்துள்ளதைத் தொடாமலே அறியலாம்.

பலர் கூடி அறியும் முறை

ஒரு தொழிற்சாலை தன் வண்டியை ஆய்வுக்களத்தில் பலமுறை உடைத்துப் பார்த்து அறிகிறது. தனியொரு ஆர்வலருக்கு அந்த வசதி இல்லை. ஒரு வண்டி, ஓர் அனுபவம், ஒரு முறிவு என்பதே அவரது எல்லை. நூறு பேரின் முறிவுகள் ஒன்றுசேரும்போதுதான் அவை சான்றாகின்றன. இன்ன டயர் அளவுக்கு மேல், இன்ன பூட்டுடன், இன்ன மூட்டு தாங்காது என்று ஒரு கூட்டத்தார் சொல்லும் விதி இவ்வாறே திரள்கிறது. ஆயினும் இவ்வறிவில் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது: மூட்டு உடைந்தவர் பலரிடம் சொல்கிறார், உடையாதவருக்குச் சொல்ல எதுவுமில்லை, ஆகவே உறுப்புகள் உள்ளதைவிட எளிதில் உடைவனவாகத் தோன்றக்கூடும். இரண்டாவது பிழை, ஒரே வாரத்தில் டயர், ஸ்பிரிங், அச்சு விகிதம் மூன்றையும் மாற்றிவிட்டு, பிறகு எழும் அதிர்வுக்கு எது காரணம் என்று தேடுவது. தேர்ந்தவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, ஓட்டிப் பார்த்து, அளவுகளைக் குறித்தபின் அடுத்ததைத் தொடுகின்றனர். ஆய்வுக்கூடத்திலும் இதுவே ஒழுங்கு.

பாக்னால்டின் வாழ்க்கை பொழுதுபோக்குக்கும் ஆய்வுக்கும் இடையிலுள்ள நெருக்கத்தைக் காட்டும். பாலைவனப் பயணங்களில் மணலின் போக்கைக் கண்டு வியந்த அவர், இராணுவப் பணியிலிருந்து விலகியபின் தாமே காற்றுச்சுரங்கம் ஒன்றை அமைத்து, காற்றில் மணல் நகரும் விதிகளை அளந்தார். 1941இல் வெளியான அவரது நூல் அத்துறையின் மூலநூலாயிற்று. 1944இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஊர்தி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு அவரது பெயரே இடப்பட்டுள்ளது.

இனி, பலவீனம் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு இடம்பெயர்ந்துகொண்டே இருக்குமாயின், அதற்கு முடிவுதான் என்ன? தண்டை வலுவாக்கினால் மூட்டு உடைகிறது. மூட்டை உயர்தர உருக்கால் செய்தால் பற்சக்கரம் உடைகிறது. பற்சக்கரம் உடைந்தால் காட்டின் நடுவில் அதைச் சீராக்க வழியில்லை. அதனால், முதிர்ந்த ஆர்வலர்கள் எல்லா உறுப்புகளையும் ஒருசேர வலுவாக்க முயல்வதில்லை. வீட்டின் மின்சுற்றில் ஃபியூஸ் கம்பியை வேண்டுமென்றே மெல்லியதாக வைப்பதுபோல், விலை மலிவானதும் வெளியே இருப்பதும் அரைமணியில் மாற்றத்தக்கதுமான ஓர் உறுப்பை, பெரும்பாலும் குழல்தண்டின் குறுக்கு மூட்டை, மற்றவற்றைவிடச் சற்று மெலிந்ததாக விட்டுவைத்து, அதற்கு மாற்றாக இரண்டைக் கருவிப்பெட்டியில் கொண்டுசெல்கின்றனர். வண்டியை மாற்றியமைக்க எண்ணுவோர், எதைப் பூட்டுவது என்று கடையில் கேட்கும் முன், இதைப் பூட்டினால் அடுத்து எது உடையும் என்று முன்பே உடைத்துப் பார்த்தவர்களிடம் கேட்பது நல்லது.